நூற்றெண்பது பந்துகளும் ஒரு சின்னத் தலை வெட்ஜும்

இந்தக் கோல்ஃப் கழகத்தின் மட்டைப் பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் நால்வருக்கும் ஏதாவது சொல்லும்படி செயலாளர் கேட்டார். இதற்காகப் பிலிமத்தலாவையிலிருந்து கண்டிக்கு ஒரு பஸ், கண்டியிலிருந்து தெல்தோட்டைப் பாதையில் இன்னொரு பஸ், பிறகு வாசலிலிருந்து பட்டறை வரை நாற்பத்தொரு படி. என் காலத்தில் நாற்பத்து மூன்று இருந்தன. இரண்டு படிகளை யார், எதற்காக எடுத்தார்கள் என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. இந்தக் கழகத்தில் எதைக் கேட்டாலும் அந்தப் பதில்தான் வரும், இப்போதே பழகிக்கொள்ளுங்கள்.

பிடி மாற்றுவது, தண்டு ஒட்டுவது, கோணம் அளப்பது இவற்றையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. இயந்திரம் இருக்கிறது, அதோடு புத்தகம் இருக்கிறது. நான் சொல்லப்போவது, முப்பத்தொரு வருட வேலையில் நான் கையெழுத்திட்ட மிக அழகான அறிக்கையைப் பற்றி. பக்கத்துக்கு இருபத்தெட்டு வரி, மூன்று பக்கம், நான்கு அட்டவணை, ஒரு எழுத்துப் பிழை கிடையாது. தொடக்கத்திலிருந்து முடிவு வரை அத்தனையும் தவறு.

எனக்கு முன்னால் இந்தப் பட்டறையில் ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம். எனக்கு வேலை பழக்கியவர் அவர்தான். "எழுதினதைத் திருப்பி வாங்குறது கஷ்டம், அதனால எழுதாத" என்பது அவருடைய முழுத் தொழில் ஞானம். இருபத்தாறு வருடம் ஒரு வரியும் எழுதாமல் ஓய்வு பெற்று, நல்ல மனிதர் என்ற பெயரோடு போனார். நாவலப்பிட்டியில் உயர்தர வகுப்பு வரை கணிதம் படித்த எனக்கு அது கோழைத்தனமாகப் பட்டது. எழுதுவேன், எண்ணி எழுதுவேன் என்று கிளம்பினேன்.

மட்டைகளைத் தருவித்து விற்கும் கொழும்பு முகவர் ஒரு வெட்ஜ் அனுப்பினார். கிரீனுக்கு, அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரைக்கு, பக்கத்திலிருந்து பந்தை உயர்த்திப் போடும் மட்டை. இது அச்சில் வார்த்தது அல்ல, காய்ச்சி அடித்துச் செய்தது. தலை சின்னது, முன் விளிம்பு மெல்லியது, அடிப்பாகத்தில் வயிறு இல்லை. வயிறு என்று நான் சொல்வது, மட்டை மண்ணுக்குள் புதையாமல் வழுக்கிப் போக உதவும் அந்த அடிப்பாக வீக்கத்தை. வயிறு உள்ள மட்டை சுமாரான ஆட்டக்காரரைக் காப்பாற்றும். வயிறு இல்லாதது தேர்ந்தவன் கையில் சொன்னபடி கேட்கும், மற்றவன் கையில் மண்ணைக் கிளறும். "தேர்ந்த ஆட்டக்காரர்களுக்கு இது பொருந்துமா என்று சோதித்து எழுதுங்கள். நன்றாக இருந்தால் பன்னிரண்டு தருவிக்கலாம்" என்று கடிதத்தில் இருந்தது.

தேர்ந்த ஆட்டக்காரர்கள் என்றதும் கழகத்தின் கப்டன், அதாவது தலைவர், முதல் ஆளாகக் கையைத் தூக்கினார். டயர் இறக்குமதி செய்பவர். யாழ்ப்பாணத்தில் பிறந்து கண்டியில் தலை நரைத்தவர். ஹெண்டிகெப் பத்தொன்பது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: அந்த எண் குறையக் குறையத்தான் திறமை கூடும். பத்தொன்பது என்றால் மனிதர் நல்லவர், விருந்துக்கு அழைக்கலாம். அடுத்துப் பொருளாளர், பதினாறு. மூன்றாவது ஒரு டொக்டர், இருபத்திரண்டு. நூற்று நாற்பது அங்கத்தவர்களில் பொறுக்கி எடுத்த மூன்று தேர்ந்தவர்கள்.

உண்மையில் அந்த மலையில் ஹெண்டிகெப் இரண்டு உள்ள ஒருவர் இருந்தார். சுகந்தி. அப்போது வயது இருபத்தாறு. தேயிலைத் தோட்டத்து லயத்து அறையிலிருந்து வந்து, அங்கத்தவர்களின் பையைத் தூக்கி, பயிற்சிப் பந்துகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஊழியர்கள் திங்கட்கிழமைகளில் மட்டும் மைதானத்தில் ஆடலாம் என்பது வழக்கம். சோதனை சனிக்கிழமை. ஆகவே அவள் கையில் மட்டைக்குப் பதில் கூடை இருந்தது. அதில் எனக்கு அன்று எந்த விசித்திரமும் தெரியவில்லை. விதி விதிதானே!

ஆளுக்கு அறுபது பந்து. வெட்டிய புல்லில் இருபது, வளர்ந்த புல்லில் இருபது, கிரீனுக்குக் கீழேயுள்ள சரிவில் இருபது. மொத்தம் நூற்றெண்பது. நான் குடைக்குக் கீழே கதிரை போட்டு உட்கார்ந்து, பந்து விழுந்த தூரத்தையும் அது உருண்ட தூரத்தையும் எழுதினேன். பந்தை வைத்தது காசிம் நானா. கப்டனின் பையை இருபது வருடமாகத் தூக்குபவர். நூற்றெண்பதில் மண்ணில் குத்தி வீணானவை ஒன்பது மட்டுமே. பொருளாளருக்கே தன் கைகளை நம்ப முடியவில்லை, நாலைந்து தரம் திருப்பிப் பார்த்துக்கொண்டார். கப்டன் மூன்று தரம், "ஐசே, எழுதிப்போட்டீரோ?" என்று கேட்டார். எழுதினேன். "தலை சிறியதாயினும் பிழை பொறுக்கும் மட்டை. தேர்ந்தவர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைக்கலாம்." கையெழுத்து, முத்திரை, கொழும்புக்கு ஒரு பிரதி.

பெருந்தன்மை வேறு வந்துவிட்டது எனக்கு. மூன்று வாரத்தில் சுகந்திக்கு ஒரு பரீட்சை இருந்தது. கழகத்தில் ஒரு பயிற்றுநர் பதவி காலியாகியிருந்தது. அதை எடுக்க வேண்டுமென்றால், கொழும்பிலிருந்து வரும் பரீட்சகர் முன்னால் ஒரே நாளில் முப்பத்தாறு குழிகளை நூற்றைம்பத்து நான்கு மட்டையடிக்குள் முடிக்க வேண்டும். எங்களிடம் இருப்பது ஒன்பது குழி, ஆகவே நாலு சுற்று. தவறினால் அடுத்த வருடம் வரை பை தூக்க வேண்டியதுதான், அடுத்த வருடம் அந்தப் பதவி இருக்குமா என்பதும் நிச்சயமில்லை. அவளிடம் இருந்த வெட்ஜ் தேய்ந்து வழுவழுவென்றிருந்தது. மாதிரி வெட்ஜை அவளிடம் கொடுத்து, "இத வச்சு ஆடு, நூத்தியெம்பது பந்து அடிச்சுப் பார்த்தது" என்றேன். அவள் வெட்ஜைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "சரிங்க சேர்" என்றாள். அந்தப் பார்வையை நான் நன்றி என்று எடுத்துக்கொண்டேன். எண்ணத் தெரிந்தவனுக்கெல்லாம் வாசிக்கத் தெரியும் என்று நினைக்காதீர்கள்.

பரீட்சைக்கு முதல் நாள், வியாழக்கிழமை, மூன்று மணி. மழை விட்டிருந்தது. பட்டறை ஜன்னல் வழியே ஏழாவது குழி தெரியும். கப்டன் அடித்த பந்து புல்லுக்குள் போய்விட்டது. காசிம் நானா அவருக்கு முன்னால் நடந்துபோய், குனியாமல், வேறு எங்கோ பார்த்தபடி, செருப்பு நுனியால் ஒரு தட்டு. பந்து பள்ளத்திலிருந்து எழுந்து புல் குஞ்சத்தின் மேல் முட்டை மாதிரி உட்கார்ந்தது. பை தூக்குபவர்கள் எல்லாரும் செய்வதுதான். அங்கத்தவர் நன்றாக அடித்தால் அன்றைக்கு எல்லாருக்கும் நிம்மதி. வேலைக்கு வந்த நாளிலிருந்து அதை நான் பார்த்திருக்கிறேன். அன்றுதான் எனக்கு அந்த நூற்றெண்பது பந்துகள் ஞாபகம் வந்தன.

ஒன்பதாவது குழி முடிந்ததும் காசிம் நானாவைக் கூப்பிட்டேன்.

"நானா, அண்டைக்கு வெட்ஜ் சோதிச்சமே, அந்தப் பந்துகளயும் காலால தட்டினீங்களா?"

"பின்ன தட்டாம? ஒவ்வொண்டா பாத்துப் பாத்து வெச்சேன், சேர். நூத்தியெம்பதையும்." அவர் முகத்தில் பெருமை. "கால்ல சுளுக்கே வந்திட்டு. நீங்க ஒருத்தராவது கேட்டீங்களா?"

"ஏன் நானா?"

"என்ன சேர் கேக்குறீங்க? மூணு பெரிய மனிசர் அடிக்கிறாங்க, நீங்க பேனையும் கொப்பியுமா ஈக்கிறீங்க. பந்து பள்ளத்துல கெடந்தா யாருக்கு வெக்கம்? எனக்குத்தானே வெக்கம்!"

அவர் மேல் கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை. பந்து எங்கே விழுந்தது என்று நூற்றெண்பது தரம் எழுதியவன், எங்கிருந்து கிளம்பியது என்று ஒரு தரம் பார்க்கவில்லை.

சுகந்தியின் பையிலிருந்து வெட்ஜை எடுத்துக்கொண்டு போய், முப்பது பந்துகளை முழங்கால் உயரத்திலிருந்து நானே போட்டேன். வழியில் அகப்பட்ட பொருளாளரை அடிக்கச் சொன்னேன். முப்பதில் பதினேழு மண்ணுக்குள். கடைசி அடியில் பந்து அசையவேயில்லை, புல் கட்டி மட்டும் பறந்தது. அவர் மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது அந்த வெட்ஜ் இல்லையே" என்றார். காசிம் நானா தூரத்திலிருந்து, "மம்மட்டி சேர், மம்மட்டி" என்றார்.

கப்டனிடம் போனேன். தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"சேர், அறிக்கை பிழை. திருப்பி எடுக்க வேணும்."

கேட்டு முடித்ததும் கோப்பையை வைத்தார். "நீர் என்ன விசர்க்கதை கதைக்கிறீர்? நான் என்ரை கையால அறுபது பந்து அடிச்சனான்."

"அறுபதும் குஞ்சத்துக்கு மேல இருந்தது, சேர்."

"பன்னிரண்டுக்கும் சொல்லியாச்சு ஐசே. என்ரை பேர் உம்மடை அறிக்கையில கிடக்கு. இனிக் கிண்டாதேயும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பிள்ளைக்கும் போய்ச் சொல்லிப்போடாதேயும். விடிஞ்சால் பரீட்சை. இப்ப போய் உன்ரை மட்டை சரியில்லை எண்டால் அவளுக்குக் கை நடுங்கும். தோத்தால் அது உம்மடை வாயால."

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். அந்த மனிதர் தன்னைக் காப்பாற்றச் சொன்ன காரணம், நியாயமான காரணமாகவும் இருந்தது. பரீட்சைக்கு முதல் நாள் ஆட்டக்காரரின் மனதைக் குலைக்கக் கூடாது என்பதை நானே பலருக்குச் சொல்லியிருக்கிறேன். தவறான யோசனை அசிங்கமான முகத்தோடு வந்தால் யாரும் விலக்கிவிடலாம். இது நன்றாகச் சவரம் செய்துகொண்டு வந்தது. கழகக் கட்டடத்திலிருந்து பட்டறை வரை இருநூற்றுப் பதினாறு காலடி. சொல்வதா விடுவதா என்று அந்தத் தூரத்தை மூன்று தரம் நடந்தேன். சொல்லாமல் விட்டு அவள் தோற்றால், ஏன் தோற்றாள் என்று எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அதை என்னால் சகிக்க முடியாது என்று பட்டது. அவ்வளவுதான் காரணம். இதில் வீரம் எதுவும் இல்லை.

சுகந்தி பட்டறை வாசலில் பந்துகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். சொன்னேன். அவள் கையை நிறுத்தவில்லை.

"தெரியுங்க சேர்."

"என்ன தெரியும்?"

"அன்னைக்குப் பந்து பொறுக்கினது நாந்தானே. நூத்தியெம்பது அடி அடிச்ச எடத்துல ஒம்பது கிழிசல்தான் இருந்துச்சு. வெட்ஜால அடிச்சா தரை கொஞ்சமாச்சும் பேரணும்ல? அப்பவே நெனச்சேன். அப்புறம் மூணு திங்கக்கெழமையும் நானே தோண்டிப் பார்த்துட்டேன்."

"ஏன் எனக்குச் சொல்லல?"

இப்போது நிமிர்ந்தாள். "ஒரு விசயம் கேக்கவா சேர்? அந்த நூத்தியெம்பதுல நான் அடிச்சது எத்தன?"

பதில் சொல்வதற்கு எண்ண வேண்டிய அவசியமிருக்கவில்லை.

"தேர்ந்தவங்களுக்குன்னு மூணு பக்கம் எழுதினீங்க. என்னய ஒரு பந்து அடிச்சுப் பாருன்னு சொன்னீங்களா? கூடையக் குடுத்தீங்க. கூடக்காரி வந்து அறிக்க பிழைன்னு சொன்னா யாரு கேப்பாங்க? நீங்க கேட்டிருப்பீங்களா?"

கேட்டிருக்க மாட்டேன். அதை அவளிடமும் சொன்னேன்.

"சரி விடுங்க" என்றாள். "வெட்ஜ் மோசமில்ல சேர். நல்லா பட்டா பந்து சொன்ன எடத்துல நிக்கிது, என் பழசு அப்படி நிக்காது. ஈரத்துல மட்டுந்தான் குத்துது. தலைய ரெண்டு பாகை பின்னால சாய்ச்சுக் குடுங்க. வயிறு கொஞ்சம் எறங்கும்ல?"

எறங்கும். அடித்துச் செய்த இரும்பு வளையும், அதை அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் நானே புகழ்ந்திருக்கிறேன். ஆனால் அது முகவரின் மாதிரி. கைவைக்க எனக்கு அனுமதி இல்லை. தவிர, சாய்த்தால் பந்து இன்னும் உயரமாகப் போய் முன்னதாக விழும். ஐந்து மீற்றராவது குறையும். பதினைந்து மணி நேரத்தில் பரீட்சை.

"தூரம் மாறிப்போகுமே பிள்ள?"

"வெளிச்சம் இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. நீங்க வளைங்க, நான் அடிச்சுப் பார்த்துக்கிறேன்."

தலையைப் பிடியில் பூட்டி, நீட்டுக் கம்பியைப் போட்டு அழுத்தினேன். கோணத்தை அவளே பார்த்துச் சொன்னாள். இரண்டு பாகை. அன்று வியாழக்கிழமை, ஊழியர் மைதானத்தில் இறங்கக் கூடாது. இறங்கினாள். நான் பந்துகளை முழங்கால் உயரத்திலிருந்து போட்டேன், அவள் அடித்தாள். ஆறு மணிக்குள் ஐம்பத்தைந்து. குத்தியவை நான்கு.

மறுநாள் ஆட்டத்தை அடியடியாகச் சொல்லி உங்களைச் சோர்வாக்க மாட்டேன். மூன்று சுற்று முடிவில் நூற்றுப் பதினாறு. கடைசி ஒன்பதில் முப்பத்தெட்டு அடி மட்டுமே மிச்சம். நாலாவது குழியில் பந்தை மரத்துக்குள் அடித்து இரண்டு அடியை வீணாக்கினாள். எட்டாவதில் வெட்ஜால் அடித்த பந்து கிரீனுக்கு வராமல் மூன்று மீற்றர் முன்னால் நின்றது. அந்தத் தூரக் குறைவு என் கம்பி செய்த வேலை. கடைசிக் குழியில், கிரீனுக்குக் கீழே, ஈரச் சரிவில், முந்தைய ஆட்டக்காரர் யாரோ தோண்டி மூடாமல் விட்ட பள்ளத்துக்குள் பந்து. முப்பத்தைந்து அடித்திருந்தாள். இன்னும் மூன்றில் முடிக்க வேண்டும். நான் கயிற்றுக்கு வெளியே நின்றேன். வெட்ஜ் மண்ணைத் தொட்டு, புதையாமல் கடந்தது. பந்து எழுந்து இரண்டு மீற்றரில் நின்றது. மிச்சத்தை ஒரே தட்டில் முடித்தாள். நூற்றைம்பத்து மூன்று.

பரீட்சகர் அட்டையில் கையெழுத்திட்டார். ஐந்து மணிக்குக் கழக மண்டபத்தில் கப்டன் எழுந்து நின்று, வெட்ஜை மேலே தூக்கிப் பிடித்தார். "எங்கடை அறிக்கை இண்டைக்கு நிரூபணமாகியிட்டுது. நாங்கள் தெரிவு செய்த மட்டையாலதான் இந்தப் பிள்ளை வெண்டது. பன்னிரண்டு வருது, விருப்பமான ஆக்கள் பெயரைக் குடுக்கலாம். நியமனக் கடிதத்தில நான் நாளைக்கு ஒப்பம் வைக்கிறன்."

கை தட்டல். உடனே ஒன்பது பேர் பெயர் கொடுத்தார்கள். அந்த ஒன்பது பேரின் ஹெண்டிகெப்பையும் கூட்டினால் நூற்றெண்பத்தாறு வரும்.

நாளைக்கு ஒப்பம். வாயைத் திறந்தால் அந்தப் பேனை திறக்காமல் போகலாம். நான் சுகந்தியைப் பார்த்தேன். நான் எதை நினைக்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்தது. கதவருகில் நின்றபடியே, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி, "சொல்லுங்க சேர்" என்றாள்.

சொன்னேன். அறிக்கை தவறு, பந்துகள் காலால் தூக்கி வைக்கப்பட்டவை, பார்க்காமல் விட்ட குற்றம் என்னுடையது, இன்று வென்ற வெட்ஜ் நேற்று நான் அனுமதியில்லாமல் வளைத்தது, பெட்டியில் வரப்போகும் பன்னிரண்டும் வேறு சாமான். ஐந்து வாக்கியம்.

கப்டன் சிவந்துபோனார். "அப்ப அறுபது அடிச்ச நான் ஆட்டக்காரன் இல்லையோ?"

"பத்தொன்பது, சேர்" என்றேன். வேறு பதில் எனக்குத் தோன்றவில்லை.

"வளைச்ச மட்டையால ஆடினது செல்லுமோ?" என்று பரீட்சகர் பக்கம் திரும்பினார்.

பரீட்சகர் தொப்பியை எடுத்துக்கொண்டிருந்தார். "ஆட்டம் தொடங்குறதுக்கு முந்தி வளைச்சா விதிக்கு உட்பட்டதுதான். முடிவு கொழும்புக்குப் போயிட்டு. அத மாத்த உங்களுக்கும் முடியாது, எனக்கும் முடியாது" என்று சொல்லிவிட்டு வாகனத்துக்குப் போனார்.

கடிதம் மறுநாள் வரவில்லை. எட்டு நாள் கப்டனின் மேசையில் கிடந்தது. எட்டு நாளும் சுகந்தி பை தூக்கினாள், அதில் இரண்டு நாள் கப்டனின் பையையே தூக்கினாள். ஒன்பதாம் நாள், கொழும்பிலிருந்து கேட்டு எழுதிய பிறகு, ஒப்பம் வைத்தார். எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. அதில் என் பெயரை இரண்டு இடத்தில் பிழையாக எழுதியிருந்தார்கள்.

அந்த எட்டு நாளுக்குள் நான் வெட்ஜை நிமிர்த்திப் பழைய கோணத்துக்குக் கொண்டுவந்து, திங்கட்கிழமை மறுபடி சோதித்தேன். சுகந்தி தானே பந்தைப் போட்டு, தானே அடித்தாள், நான் பக்கத்தில் நின்று தரையைப் பார்த்தேன். புதிய அறிக்கை ஒரு பக்கம். நல்ல கைக்கு நல்ல மட்டை, ஈரத் தரைக்கு ஆகாது, வளைத்தால் ஆகும், மற்றவர்கள் தோட்டத்தில் பாத்தி கட்டப் பயன்படுத்தலாம். கடைசி வரியை முகவர் நீக்கிவிடுவார் என்று தெரிந்தும் எழுதினேன்.

முகவர் தொலைபேசியில் அழைத்தார்.

"போன தரம் சோதிச்சவங்க மூணு பேர். இப்ப ஒரே ஒரு பேர்தான் இருக்கு?"

"ஓம்."

"உங்க கழகத்துல நூத்து நாப்பது அங்கத்தவங்க இருக்காங்களே?"

"இருக்காங்க" என்றேன். "நீங்க கேட்டது தேர்ந்த ஆட்டக்காரர்."